காய்ந்த ஊர்

சட்டைக் கம்பெனியில், எங்கள் தையல் லைனில் எனக்குப் பெயர் ஆணி. காலையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் சாயங்கால மணிதான் என்னை எழுப்ப வேண்டும். சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது என் வேலை. இடப்பக்கத்திலிருந்து கையில்லாத சட்டைகள் கட்டுக்கட்டாக வரும். நான் கை வைத்து வலப்பக்கம் தள்ளுவேன். நான் எழுந்து போனால் இந்தப் பக்கம் மலையாகக் குவிந்துவிடும், அந்தப் பக்கம் இருக்கிறவள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சூப்பர்வைசர் வந்து இரண்டு பேரையும் வாங்கு வாங்கு என்று வாங்குவார்.

அவர் மேஜையோரத்தில் ஒரு மரக்கட்டை கயிற்றில் தொங்கும். முப்பது பேருக்கு ஒரே கட்டை. வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள். மூன்று வருஷத்தில் நான் அந்தக் கட்டையைத் தொட்டதே இல்லை. சாப்பாட்டு நேரத்திலும் வரிசை நீளமாக இருந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். இதில் எனக்கு அவ்வளவு பெருமை. இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"எப்படிக்கா உங்களால முடியுது?" என்று வலப்பக்கத்துக்காரி கேட்பாள்.

"பழகிடுச்சு" என்பேன். நிஜத்தைச் சொன்னால் சிரிப்பாள். நிஜம் என்னவென்றால், அடிவயிறு கனக்க ஆரம்பித்ததும் நான் அங்கே இருக்க மாட்டேன். கை தைத்துக்கொண்டிருக்கும், கால் மிதித்துக்கொண்டிருக்கும், நான் காய்ந்த ஊருக்குப் போய்விடுவேன்.

அந்த ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழாயைத் திருகினால் மெல்லிய மணல் விழும், சத்தமே வராது. கிணறு நிறையப் பஞ்சு. கொடியில் துணிகள் நனையாமலேயே காய்ந்துகொண்டிருக்கும். வெயில் சுடாது, மஞ்சளாக, மாவு மாதிரி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். நான் செருப்பில்லாமல் தெருத்தெருவாக நடந்துகொண்டே இருப்பேன். எங்கோ மணி அடிக்கும். திரும்பிப் பார்த்தால் வலப்பக்கம் ஒரு கட்டுச் சட்டை முழுவதற்கும் கை வந்திருக்கும்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அவரும் அடக்குகிற ஆள்தான், வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு எங்கே போவது. சாயங்காலம் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் மகள் ஓடிப்போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் யாரோடும் பேசாமல் நேரே உள்ளே போவார். வெளியே வந்ததும் இரண்டு பேரும் சிரிப்பார்கள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

மகளுக்கு ஆறு வயது. ஆள் பொடிசு என்பதால் கடுகு என்று கூப்பிடுவோம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வாரமே பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பாட நேரத்தில் குழந்தைகள் கழிப்பறைக்குச் செல்வதைத் தவிர்க்க வேண்டும், இடைவேளையில் போய்வரப் பெற்றோர் வீட்டிலேயே பழக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மற்ற அம்மாக்கள் பள்ளி வாசலில் நின்று புலம்பினார்கள். நான் புலம்பவில்லை. இந்த ஒரு பாடத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அன்று சாயங்காலமே சமையலறைத் தரையில் அவளை மடியில் உட்கார வைத்தேன். "கண்ண மூடிக்கோ. ஒன்னுக்கு வருதுன்னு தோணிச்சுன்னா உடனே காய்ஞ்ச ஊருக்குப் போயிடணும். அப்புறம் வராது."

"தனியாவா?"

"நான் அங்கதான இருப்பேன்."

"பகல்லயா?"

"பகல் முழுக்க."

மணலையும் பஞ்சுக் கிணற்றையும் சொன்னேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக் கேட்டாள். இரண்டே நாளில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். "அம்மா, அங்க ஒரு கடல் இருக்கு. கப்பல் எல்லாம் தரையில நிக்குது" என்றாள். மீன் எங்கே என்று கேட்டேன். "எல்லாம் நடந்து வீட்டுக்குப் போயிடுச்சு" என்றாள். நான் மூன்று வருஷமாகப் போய்வருகிற ஊரில் எனக்குக் கடலே கண்ணில் படவில்லை.

பள்ளி விட்டு வந்தால் நேரே கழிப்பறைக்கு ஓடுவாள். காலையில் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வரும். பாட்டில் நாற்றமடிக்கிறதோ என்று வேறு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல. "எம் பொண்ணு ஸ்கூல்ல எழுந்திருக்கவே மாட்டா, வீட்டுக்கு வந்துதான்" என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது மாதம் காய்ச்சல் வந்தது. உடம்பு கொதித்தது, இடுப்பைத் தொட்டால் அழுதாள். ஆஸ்பத்திரியில் சிறுநீர் பிடித்துக் கொடுக்கச் சொல்லி நர்ஸ் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் நின்றோம். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்கச் செய்தேன். அவள் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடியே எங்கேயோ இருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"கிருமி சேந்துடுச்சு. புள்ள தண்ணி குடிக்கிறதில்ல, அடக்குறா" என்றார் டாக்டர். "மருந்துல இப்ப சரியாயிடும். ஆனா இப்படியே அடக்கிட்டிருந்தா திரும்பத் திரும்ப வரும். சிறுநீரகத்துக்கு ஏறிடுச்சுன்னா அப்புறம் வாழ்க்க பூரா கஷ்டம். நேரத்துக்குப் போகணும், வேற வழியில்ல."

எனக்கு வந்த கோபமெல்லாம் பள்ளியின் மேல்தான். சுற்றறிக்கையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் மதியம் போனேன். வகுப்பில் குழந்தைகள் மேஜையில் தலை சாய்த்துப் படுத்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் முதுகு முதுகாக நகர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். குழந்தைகள் நாற்காலிதான் இருந்தது, முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்தேன்.

"ஆறு வயசுப் புள்ளைங்கள அடக்கச் சொல்றீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்றேன். குரலை அடக்கித்தான் கேட்டேன்.

டீச்சர் சுற்றறிக்கையைப் பார்த்தார். "இத ரெண்டே வாரத்துல விட்டுட்டோம்மா. இதெல்லாம் சின்னப் புள்ளைங்க கிட்ட நடக்காது." கதவோரம் கையைக் காட்டினார். குழந்தைகளுக்கு எட்டுகிற உயரத்தில் ஆணியில் ஒரு பச்சை அட்டை தொங்கியது. "யார்கிட்டயும் கேக்க வேணாம். அத மாட்டிக்கிட்டு எப்ப வேணாலும் போகலாம். உங்க பொண்ணு கிட்ட தனியா கூப்பிட்டும் சொல்லிட்டேன். அவ அந்தப் பக்கமே திரும்பறதில்ல."

சுற்றறிக்கையை இன்னும் சின்னதாக மடித்தேன்.

"நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் டீச்சர். "கொஞ்ச நாளா அவ பக்கத்துல உக்கார்ற மூணு புள்ளைங்களும் போறதில்ல. நாலு பேரும் வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. என்னன்னு கேட்டா, ஊருக்குப் போயிருக்கோம் டீச்சர்னு சொல்றாங்க. அது எந்த ஊரும்மா?"

கையிலிருந்த சுற்றறிக்கை நனைந்திருந்தது. என் உள்ளங்கை வியர்வை. சண்டை போட வந்தவள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மரக்கட்டையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காய்ச்சல் இறங்கி, கடுகு கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பள்ளி. நான் பக்கத்தில் படுத்து, அவள் தலையைக் கோதினேன்.

"இனிமே அந்த ஊருக்குப் போக வேணாம்டி. அம்மா தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன். வருதுன்னா அட்டைய எடுத்துக்கிட்டுப் போயிடு."

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"டீச்சருக்குப் பயமா?"

"இல்ல."

"பெரிய பொண்ணுங்க தள்ளுறாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்னடி?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ அங்கதான இருக்க. உன்ன விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"

அடக்குவதற்காக அவள் அங்கே போகவில்லை. காலையில் ஆறரைக்கு நான் கிளம்பினால் சாயங்காலம் வரை அவளுக்கு அம்மா கிடையாது. நான் இருக்கிற இடம் என்று அவளுக்குத் தெரிந்தது அந்த ஊர் ஒன்றுதான்; நானே விலாசம் கொடுத்திருந்தேன். தண்ணீர் குடித்தால் அங்கேயே இருக்க முடியாது, எழுந்து போக வேண்டி வரும் என்று குடிக்காமலும் இருந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளுக்கு எதற்கு அழுகிறேன் என்று புரியவில்லை, என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"நான் வந்துடறேன். நாளைக்கு அங்கேருந்து எழுந்து வந்துடறேன்" என்றேன்.

அவள் மறுபடி விட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பெரியவர்கள் சொல்கிற நாளைக்கு என்றால் என்ன என்று ஆறு வயதில் தெரிந்திருக்காதா.

திங்கட்கிழமை காலை இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். பத்தரை வாக்கில் அடிவயிறு கனத்தது. கால் மிதித்துக்கொண்டே இருந்தது. மிஷின் சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று, மஞ்சள் வெயில் மெல்லப் படிய ஆரம்பித்தது, தெரு திறந்தது. தெருக்கோடியில், தரைதட்டிய ஒரு கப்பலின் நிழலில், சீருடையோடு கடுகு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

காலை எடுத்தேன். மிஷின் நின்றது. எழுந்து நின்றேன். வலப்பக்கத்துக்காரி வாயைப் பிளந்தாள்.

"என்ன ஆணி, உடம்பு சரியில்லையா?" என்றார் சூப்பர்வைசர்.

"நல்லாத்தான் சார் இருக்கேன். பாத்ரூம் போகணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என் இடப்பக்கத்தைப் பார்த்தார். "இப்பவா? உன்ன நம்பித்தான் இந்த லைனே ஓடுது."

"இப்பத்தான் சார் வருது" என்று கட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

கழிப்பறையில் உட்கார்ந்தும் வெகுநேரம் வரவில்லை. உடம்புக்கு நம்பிக்கை போயிருந்தது. கதவுக்கு வெளியே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. காது கொடுத்துக் கேட்டேன். என் மிஷின் இல்லாத குறை அந்தச் சத்தத்தில் தெரியவே இல்லை. இதற்காகவா மூன்று வருஷம், இதற்காகவா அந்தப் பிள்ளை என்று நினைத்தபோது வயிறு தானாகத் தளர்ந்தது. திரும்பி வந்தபோது சட்டைகள் என் நாற்காலி மேலேயே ஏறியிருந்தன. சூப்பர்வைசர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டேன். மூன்று மணிக்கு மறுபடி எழுந்தேன்.

சாயங்கால மணி அடித்ததும் நேரே பள்ளி வாசலுக்குப் போய் நின்றேன். அவளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் நம்புவாளா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். குழந்தைகள் கூட்டமாக வந்தார்கள். கடுகு கடைசியில் வந்தாள், அவசரம் இல்லாமல், ஆடி அசைந்து. நான் குனிந்து வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"நீ இன்னைக்கு அங்க இல்ல."

"இல்லடி."

"தெருவெல்லாம் தேடினேன். யாருமே இல்ல" என்றாள். தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். காலியாக இருந்தது. "அதான் நானும் எழுந்து போயிட்டேன்."