மாடியில் ஒரு நீண்ட சஜ்தா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, கடிதமாகப் பிறந்தது. எங்கள் பள்ளிவாசல் கமிட்டிக்குக் கடிதம் எழுதித் தருவது என் வேலை. மின்சார வாரியத்துக்கு, நகராட்சிக்கு, தண்ணீர்க் குழாயை உடைத்தவனுக்கு என்று எல்லாருக்கும் நான்தான். விடுநர், பெறுநர், பொருள் என்று வரிசை தப்பாமல் எழுதுவேன். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்து அனுப்பிய ஒரே சொத்து அதுதான்.

இந்தத் தடவை கமிட்டித் தலைவர் கேட்டது இப்படி ஆரம்பித்தது:

பொருள்: மேல்தளத்தில் பெண்கள் தொழுகையின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு தொடர்பாக.

அடியில் கோடு போட்டேன். 'ஐயா' என்று எழுதினேன். அதற்கப்புறம் பேனா நகரவில்லை. கோளாறு எது என்று எனக்கே தெரியவில்லை. ஒலிபெருக்கி நின்றதா, அல்லது அது நின்ற பிறகும் பெண்கள் தொழுகையை நிறுத்தாமல் முடித்ததா?

அதனால் கதை. கதையில் யாரும் நகல் கேட்க மாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்:

அன்று பிற்பகல், மேல்தளத்தில், இஸ்லாம் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது.

எனக்கு மிகவும் பிடித்த வரி. மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் அன்று மேல்தளத்தில் இருந்தவள்.

"இஸ்லாம் நிக்கல. ஸ்பீக்கர்தான் நின்னுச்சு" என்றாள்.

அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுதும் குழாய் குழாயாக ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, அவளுக்குக் கடவுள் மேல்

இதை நானே பாதியில் விட்டேன். இந்த 'அவள்' என் மனைவி அல்ல, கதைக்குரிய பெண். அவள் அங்கே வேலை பார்ப்பது உண்மை. கை நரம்பைத் தட்டி, ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டுவாள். பெண்கள் வைத்த பெயர் ஊசிக்காரி. ஆனால் ரத்தம் பார்த்து நம்பிக்கை போனது என்று எழுதினால் படித்தவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ரத்தத்தைப் பார்த்து நம்பிக்கை கூடியவர்களும் அதே நிலையத்தில் அதே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள்.

(ஒரு பக்கக் குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவில் போடுகிறேன்: நான் அந்த மேல்தளத்தைப் பார்த்ததே இல்லை. ஆண்களுக்கு அனுமதி கிடையாது. பார்க்காத அறையைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்த அறையைப் பற்றிய எல்லாத் தீர்மானங்களையும் எடுத்தவர்களுக்கும் அதே தகுதிதான்.)

3

சரி, நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

அன்று வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் வந்து, இஸ்லாம் பெண்ணுக்குக் கொடுத்த கண்ணியம் பற்றி மதியத்திலிருந்து பேசினார். பெண்கள் மாடியில் உட்கார்ந்து, தங்கள் கண்ணியத்தை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார்கள். பேச்சு முடிந்ததும் அஸர், அதாவது பிற்பகல் தொழுகை. அஸரில் இமாம் (நாங்கள் ஹஜ்ரத் என்போம்) ஓதுவது வாய்க்குள்தான். குனிய, நிமிர, நெற்றியைத் தரையில் வைக்க, எடுக்க, ஒவ்வொன்றுக்கும் அவர் உரக்கச் சொல்லும் 'அல்லாஹு அக்பர்' மட்டும் மாடிக்குப் போகும். அந்தச் சத்தம்தான் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இருந்த ஒரே உறவு.

கடைசிச் சுற்றான ரக்அத்தில் எல்லாரும் நெற்றியைத் தரையில் வைத்து முதல் சஜ்தாவில் இருந்தபோது கமிட்டித் தலைவர் தாமதமாக உள்ளே வந்தார். அவர் கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. சுவரில் மாடி ஒலிபெருக்கியின் செருகியைப் பிடுங்கினார், தன் சார்ஜரைச் செருகினார், கைகட்டித் தொழுகையில் சேர்ந்தார். (நெற்றி தரையில் இருந்த எவருக்கும் இது தெரியாது. ஆனால் தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்து எல்லாரும் திரும்பியபோது, மாடிக்குரிய துவாரத்தில் தலைவரின் கைபேசி தொங்கிக்கொண்டிருந்தது. கமிட்டி விசாரணையில் இந்தக் கைபேசி எங்கும் இடம்பெறவில்லை. அதற்குப் பெயர்தான் தொழில்நுட்பக் கோளாறு.)

கீழே இமாம் தலையைத் தூக்கினார், தொழுகையை முடித்தார். நாங்கள் எழுந்தோம், வாசலுக்குப் போனோம், செருப்பைத் தேடினோம். மாடியில் நாற்பது ஐம்பது பெண்கள் நெற்றியைத் தரையில் வைத்தபடி, வராத ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"ஒருத்திக்குக்கூடவா தோணல?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வெளியூர்க்காரர் பின்னாடி நிக்கிறாரே, ஹஜ்ரத் கொஞ்சம் நீட்டிக் காட்டுறார்னு நெனச்சோம்" என்றாள்.

4

தலையைத் தூக்கியவள் ஊசிக்காரி.

அவள் பக்கத்தில் அவள் மாமியார். மாமிக்கு முழங்கால் தேய்மானம், போதாக்குறைக்கு ரத்தக்கொதிப்பு. நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள் என்று மருத்துவர் சொன்னதை மாமி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு தரையிலேயே தொழுகிறவர். அவரை இறக்கவும் ஏற்றவும் பக்கத்தில் ஒரு கை வேண்டும். அவள் கணவன் தொலைதூரம் லாரி ஓட்டுகிறான். ஆக, அந்தக் கை ஊசிக்காரியுடையது. அவள் பள்ளிவாசலுக்கு வந்ததன் காரணம் அது ஒன்றுதான்.

ஏனென்றால் அவளுக்கு நம்பிக்கை போய் இரண்டு வருடமாகிறது. (அது என் கற்பனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டியிடம் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.) யாரோடும் வாதாடிப் போகவில்லை, எதையும் படித்துப் போகவில்லை. ஒருநாள் தொழுகையில் கையைக் கட்டினாள், எதிரே யாரும் இல்லை. அவ்வளவுதான். அழவேண்டும் என்று தோன்றியது, அழுகை வரவில்லை. அடுத்த வேளையும் நின்று பார்த்தாள். இல்லை. வீட்டில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் பழக்கத்தில் அவருக்கும் சேர்த்து உலை வைப்போமே, அப்படி ஐந்து வேளையும் சொற்களை மட்டும் அடுப்பில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பத்தியைப் படித்த மனைவி காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"அவ சுகர் டெஸ்டுக்கு என் கையில ஊசி குத்தறப்போ, 'அக்கா, எனக்கு ரொம்ப நாளா ஒண்ணும் தெரியல'ன்னு மட்டும்தான் சொன்னா. உலை வைக்கிறதெல்லாம் சொல்லல. இவ்வளவு விவரம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அடுத்த பகுதிக்குப் போவோம்.

5

சஜ்தாவில் இருந்த எல்லாரும் இறைவனோடு இருந்தார்கள். இவள் மட்டும் மாமியின் மூச்சோடு இருந்தாள். அது சளி கட்டினது போல் இழுக்க ஆரம்பித்தது. தலை தாழ்ந்து இவ்வளவு நேரம் இருந்தால் கொதிப்புக்காரருக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்தாள். அறை முழுக்க முதுகுகள். ஜன்னலுக்கு வெளியே ஆண்கள் வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம்.

மாமியை மட்டும் தூக்கிவிட்டுப் போயிருக்கலாம். மாமி வரமாட்டார். இமாம் சொல்லாமல் தலையெடுக்கிற மனுஷி இல்லை அவர்.

ஆகவே இவளே சொன்னாள். உரக்க: "அல்லாஹு அக்பர்."

நாற்பது ஐம்பது தலைகள் எழுந்தன. பிறகு நிறுத்த முடியுமா? இரண்டாம் சஜ்தா, இருப்பு, வலப்பக்கம் ஸலாம், இடப்பக்கம் ஸலாம். எதிரே யாரும் இல்லை என்று நினைத்தவள் பின்னால் இத்தனை பேரை வைத்துக்கொண்டு முடித்துவைத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "எத்தனையோ வருஷமா தொழறேன். இன்னைக்குத்தான் பக்கத்துல நின்னு ஒருத்தர் எனக்காகச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

6

அப்புறம் இரண்டு கட்சி.

தலைவர் கட்சி: பெண் குரல் கொடுத்தது தவறு, அவள் வருத்தம் தெரிவிக்க வேண்டும், எல்லாரும் திருப்பித் தொழ வேண்டும்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் கண்ணாடிக் கடைக்காரர். மார்க்கத்தைச் சீர்திருத்தாமல் ஓயமாட்டேன் என்று கைபேசிக் குழுவில் தினமும் அறிவிக்கிறவர். 'நம் வரலாற்றின் புதிய பக்கம்' என்று பதிவு போட்டார். ஊசிக்காரிக்கு மேடையில் பொன்னாடை என்றார். அவர் மனைவி இதுவரை மாடிக்கு வந்ததில்லை. படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறதாம்.

இரண்டு கட்சிக்கும் அவள் தேவைப்பட்டாள். ஒருவருக்குக் குற்றவாளியாக, ஒருவருக்குக் கொடியாக. உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அது இருக்கும் என்பதில் இரண்டு கட்சிக்கும் அப்படியொரு ஒற்றுமை.

நடுவில் ஹஜ்ரத். அவரைக் கிண்டல் செய்ய நான் நிறைய முயன்றேன், வரவில்லை. நிஜமாகவே தூங்காமல் கிதாபுகளைப் புரட்டியவர் அவர் ஒருவர்தான். பெண்களுக்குப் பெண் முன்னின்று தொழவைத்ததில் பெரிய வழக்கு இல்லை என்றார். ஆனால் அவள் எந்த எண்ணத்தோடு சொன்னாள் என்பது தெரிய வேண்டும். செயல் எல்லாம் எண்ணத்தைப் பொறுத்தது. அந்த நிய்யத்தைக் கேட்போம் என்றார்.

விளங்கியதா? 'தொழவைக்கும் எண்ணத்தில் சொன்னேன்' என்றால் கண்ணாடிக் கடைக்காரர் பொன்னாடையோடு வருவார், அவளும் பொய் சொன்னவள் ஆவாள். 'எந்த எண்ணமும் இல்லை' என்றால் அத்தனை பேரும் திருப்பித் தொழ வேண்டும். 'எனக்கு நம்பிக்கையே இல்லை' என்றால் மாமியின் அந்த ஒரு தொழுகை போய்விடும். மருமகளும்தான்.

7

விசாரணை ஏற்பாடுகளை எழுதியது நான். கண்ணியம் கருதிப் பெண்கள் கீழே வர வேண்டியதில்லை. கண்ணியம் கருதி ஆண்கள் மேலே போக வேண்டியதில்லை. அஸருக்குச் சற்று முன், ஹஜ்ரத் கீழிருந்து ஒலிவாங்கியில் கேட்பார், மேலிருந்து அந்தப் பெண் பதில் சொல்வார். ஐந்து அம்சம், ஒவ்வொன்றாக எண் போட்டிருந்தேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. தலைவர், பொருளாளர், கண்ணாடிக் கடைக்காரர் எல்லாரும் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஹஜ்ரத் கேட்டார்: "அம்மா, பயப்படாதீங்க. அன்னைக்கு நீங்க சத்தம் கொடுத்தப்போ என்ன நிய்யத்து வச்சீங்க?"

நாங்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

கூரை பதில் சொல்லவில்லை.

"சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் தலைவர். மறுபடியும் கூரை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மாடியில் இருப்பது ஒலிபெருக்கி. ஒலிவாங்கி அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கட்டடம் கட்டிய நாளிலிருந்து கம்பி கீழிருந்து மேலே மட்டும்தான் போயிருக்கிறது. அங்கேயிருந்து ஏதாவது வரவேண்டியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. சீர்திருத்தக்காரருக்கும் தோன்றவில்லை.

"பதில் இல்லேன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதுங்க" என்றார் தலைவர் என்னிடம்.

"பாத்தீங்களா, மௌனத்தாலயே எதிர்க்கிறாங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

ஹஜ்ரத் ஒலிவாங்கியை அணைத்தார். "அவங்க பேசிட்டுத்தான் இருக்காங்க பாய். சத்தம் போடாம இருங்க" என்றார்.

உண்மைதான். காது கொடுத்தால் மேலே ஒரே ஒரு குரல், மெதுவாக, நீளமாக. சொற்கள் பிரியவில்லை. பிறகு அது நின்றது.

8

இங்கே முடிவு வேண்டும். மூன்று தயார் செய்தேன்.

முடிவு ஒன்று: அவள் பொய் சொன்னாள். பெண்கள் நம்பினார்கள். மாமியின் தொழுகை பிழைத்தது.

முடிவு இரண்டு: அவள் உண்மையைச் சொன்னாள். மாமி கையை உதறி

(இதை எழுத முடியவில்லை.)

முடிவு மூன்று: அவள் சொல்லச் சொல்ல, போன நம்பிக்கை பொங்கி வந்து, கண்ணீர் மல்க... மனைவி இதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"நீ அங்கதானே இருந்தே. என்ன சொன்னா, அதை மட்டும் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நிய்யத்து மனசுல இருக்கிறது. அதைக் கேட்டதே தப்பு. நாங்க காதால கேட்டுட்டோம், எங்களோட இருக்கட்டும். நீங்க அஞ்சு அம்சம் எழுதினீங்களே, அதுல பாருங்க."

நான் மட்டுமல்ல. அன்று மாடியில் இருந்த ஒவ்வொருத்தியின் வீட்டு ஆணும் கேட்டுப் பார்த்துவிட்டார். பேசக் கூடாத இடத்தில்கூடப் பேசுகிற பெண்கள் என்று நாங்கள் கேலி செய்கிற அத்தனை பேரும் ஒரே வாயாக மூடிக்கொண்டார்கள்.

ஆகவே நான் கேட்டதை மட்டும் தருகிறேன். முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குரல் நின்ற பிறகு மேலே கால்கள் நகர்ந்தன. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, வரிசை கட்டுவது போல. அஸர் நேரம் ஆகியிருந்தது. ஹஜ்ரத் இன்னும் எழவில்லை. ஒலிவாங்கி அணைந்தே இருந்தது. கூரை வழியாக ஒரு பெண்குரல் 'அல்லாஹு அக்பர்' என்றது. இளைய குரலா, வயதான குரலா? தலைவர் ஒன்று என்றார், கண்ணாடிக் கடைக்காரர் இன்னொன்று என்றார். எனக்குத் தெரியவில்லை. ஹஜ்ரத் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சஜ்தாவுக்கு இறங்கும் சத்தம், மழை விழுந்தது போல ஒன்றாக. அதற்குப் பிறகு, எல்லாம் அடங்கிய பிறகு, தனியாக இன்னொரு ஜோடி முழங்கால். ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பக்கத்தில் ஒரு கை பிடித்து மெல்ல இறக்கினால்தான் அப்படிக் கேட்கும்.

கமிட்டிக்கான கடிதம் இன்னும் 'ஐயா' என்ற இடத்திலேயே நிற்கிறது.