இயற்றியவர் பெயர் தெரியவில்லை

1

இந்தக் கதை ஓர் அசட்டுத்தனத்தில் பிறந்தது. அசடு நான்தான். கைப்பேசியில் ஒரு கிராமியப் பாட்டைக் கேட்டேன்:

மலையேற நேரமில்ல முருகா – நீ
மயிலேறி வந்துட்டுப் போ முருகா

கீழே ‘இயற்றியவர் பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருந்தது. நூறு வருஷமாவது பழைய பாட்டு என்று ஒரு பத்திரிகையில் அடித்துச் சொன்னேன். மறுவாரம் பாடகியே போன் செய்தார்.

“சார், அத்த நான் போன வருஷம் கட்னேன்.”

2

அவர் கதையை எழுத உட்கார்ந்து, முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘திருத்தணி மலைக்கோயிலின் மணியோசை காதில் விழ, ஹேமாவதி…’

(விட்டுவிட்டேன். பள்ளிப்பட்டில் அவர் வேலை செய்யும் விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலே கேட்காது. மணியாவது, ஓசையாவது.)

கேட்காது என்ற தைரியத்தில்தான் அவர் ஆறு வருஷம் தறியடியில் தொண்டை கிழியப் பாடினார். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. பாட்டு மட்டும் நிற்காமல், ‘பஸ்ஸேறி வந்துட்டுப் போ முருகா’ என்று கூடம் முழுக்கக் கேட்டது.

ஆமாம், பஸ்தான். மயில் பிறகு வந்தது.

“நீயாடி பாடிகினு இருந்த?” என்றார் அடுத்த தறி குப்பம்மாள். “இன்னொருக்கா பாடு.”

(ஏழையானாலும் சந்தோஷமான பெண் என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். சந்தோஷமெல்லாம் இல்லை. ஆடிக் கிருத்திகைக்குக்கூட லீவு கிடைக்காத எரிச்சலில் கட்டிய பாட்டு அது.)

3

குப்பம்மாள் அவரைக் கனகம்மாசத்திரத்துக்கு அழைத்துப்போனார். அங்கே கிராமியப் பாட்டுக்குழு நடத்தும் ஜெயப்பிரகாஷுக்குக் குரல் பிடித்துவிட்டது. ‘பஸ்’தான் பிடிக்கவில்லை.

“மயில்னு மாத்திக்கம்மா. பழைய பாட்டுன்னா நாலு பேர் மதிப்பாங்க. தறி ஓட்றவ கட்னதுன்னா எவன் கேப்பான்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“ஆங்” என்றார் ஹேமாவதி. ஒரே வருஷத்தில் பதினான்கு மேடைகள். பதினான்கிலும் அது முன்னோர் பாட்டு.

4

இந்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியிலேயே மேடை. இது தன் பாட்டு என்று அங்கே சொல்ல ஹேமாவதிக்கு ஆசை. சொன்னால் குழுவில் இடமில்லை என்று ஜெயப்பிரகாஷ் கறாராகச் சொல்லிவிட்டார். பழையபடி தறிச்சத்தத்துக்குள் பாட வேண்டியதுதான்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: பஸ் என்றே பாடுகிறார். ‘நான் கட்னது’ என்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. (கைதட்டல் என் கைவரிசை.)

இரண்டு: மயில் என்று பாடிவிட்டு இறங்கி, கண்ணீரைத் துடைத்… (வேண்டாம். அவர் அழுகிற ஆள் இல்லை.)

கதையைப் போனில் படித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் கீது சார். ஹேமாவதி யாரு?”

“நீங்கதாம்மா. பேரை மாத்தியிருக்கேன். உங்க நல்லதுக்குத்தான்…”

“அவரும் அப்டித்தான் சொன்னாரு.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மைப் பெயரையே போட்டுவிடட்டுமா என்று அவசரமாகக் கேட்டேன்.

“வேணாம் சார். என் பேர நானே சொல்லிக்கிறேன்.”

போனை வைத்துவிட்டார்.

5

மேடையில் சொல்லப்போவதாகச் சொன்னாரா, என்மேல் வந்த கோபத்தில் சொன்னாரா, தெரியவில்லை. திரும்பக் கேட்க எனக்கு முகமில்லை. கிருத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நீங்கள் திருத்தணிப் பக்கம் போனால் கூட்டத்தில் நின்று கேளுங்கள். முருகன் எதில் ஏறி வருகிறார் என்பது அவர் வாயிலிருந்துதான் தெரியும். பெயரையும் அவரே சொன்னால், எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள்.