சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

செத்துப்போன கால்குலேட்டரை, மணிபர்ஸுக்குத் தங்க எழுத்துப் பதிக்கிற தாராவி மிஷினில் வைத்து அமுக்கி உயிர்ப்பித்தவன் இந்தப் பூமண்டலத்திலேயே நான் ஒருவன்தான். செம்பூரில் இதைச் சொல்ல ஆரம்பித்த இடத்திலெல்லாம் எதிரே இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கடைசிவரை உட்கார்ந்து கேட்டு, “நம்ப மாட்டேன்” என்று முகத்துக்கு நேரே சொன்னவள் என் மனைவி மாரிசெல்வி மட்டும்தான்.

நான் கணேசபாண்டியன், ஓய்வுபெற்ற சர்வேயர். பாதி மும்பையை நான் அளந்தேன். மீதிப் பாதி என்னைக் கண்ட பயத்தில் தானாகவே நேராக நின்றுகொண்டது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் சட்டைப் பையில் இருப்பது ஒரே கால்குலேட்டர். அதில் சமக்குறிப் பொத்தானே கிடையாது. இரண்டை அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். பிறகு மூன்று. கடைசியில்தான் கூட்டல். ‘ரெண்டையும் மூணையும் கூட்டு’ என்று நாம் சொல்கிற அதே வரிசை. மற்ற கால்குலேட்டர்கள் அவசரக் குடுக்கைகள். அடுத்த எண் என்னவென்று தெரியுமுன்பே கூட்டலுக்குக் கை நீட்டும்.

போன மழைக்கு முன்னால் எங்கள் பால்கனிக்குச் சாய்வுத் தகடு போட நான்தான் கணக்குச் சொன்னேன். திரையில் ஒரு கீற்று செத்துப்போய், எட்டு ஆறாகத் தெரிந்திருக்கிறது. விடை உதைக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நான் சந்தேகப்பட்டது அளவெடுத்த டேப்பை. அந்த டேப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது டேப் வாங்கினேன். தகடு குட்டையாக வந்து சேர்ந்தது. முதல் மழையில் மாரிசெல்வியின் புடவைகள் மறுபடி ஒரு துவைப்பு கண்டன. அதற்குள் திரையில் மற்ற கீற்றுகளும் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன.

“வார ஞாயித்துக்கெழம பில்டிங்குக்குக் கரண்டு கச்சரா, பழைய கரண்டு சாமான் குப்பையெல்லாம், எடுக்கிற வண்டி வருதாம். அதுக்குள்ள சரியாகலேன்னா வண்டில ஏத்திருவேன்” என்றாள்.

“எத ஏத்துவ?”

“மொதல்ல அத. ரொம்பப் பேசுனா ஒங்களையும்.”

தாணேயில் இருக்கும் மகன் மகேஷ்குமார் மாற்று வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். முதல் மாற்றின் பொத்தான்கள் நமத்துப்போன முறுக்கு. அழுந்தியதா இல்லையா என்று அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சூரிய ஒளியில் ஓடுவதாக நெற்றியில் வேறு எழுதியிருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியை விரலால் மூடினேன். எண்கள் மங்கவே இல்லை. பிரித்துப் பார்த்தேன். கண்ணாடியிலிருந்து ஒரு கம்பிகூட உள்ளே போகவில்லை. சூரியனையே ஏமாற்றுகிற பயல்கள்!

இரண்டாவது, என் கால்குலேட்டரைப் பார்த்துப் புதிதாகச் செய்ததாம், வெளிநாட்டுச் சரக்கு. அச்சு அசல், அளவில் மட்டும் பிஸ்கட். என் விரலை வைத்தால் நாலு பொத்தான்கள் சேர்ந்து அழுந்தின. எந்த எறும்புக்காவது சர்வே படிக்க ஆசையிருந்தால் பரிசளிக்கலாம்.

மூன்றாவது போனில் இருந்தது. என் கால்குலேட்டரின் படம், தொட்டால் ‘டிக்’ என்று ஒரு பொய்ச் சத்தம்.

“அப்பா, சேம் டு சேம்” என்றான் மகேஷ்.

“ஒங் கல்யாண போட்டோல ஜிலேபி இருக்குல்ல, அதையும் சேம் டு சேம் தின்னுப் பாருல” என்றேன்.

சனிக்கிழமை காலையில் கால்குலேட்டரைத் திறந்தேன். திரைக்கும் சர்க்யூட் பலகைக்கும் நடுவே ஒரு மெல்லிய நாடா. சூட்டில் ஒட்டியது, பசை விட்டிருந்தது. அதற்கு வேண்டியது சீரான சூடும் சீரான அழுத்தமும், அதுவும் ஒரே நேர்கோட்டில். இஸ்திரிப் பெட்டி அதற்கு யானைக்கால், பற்றவைக்கிற கம்பியோ வெறும் ஊசி. அப்போதுதான் எங்கள் ஊர்க்காரர் கரீம் பாட்சாவின் ஞாபகம் வந்தது. தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிறார். பர்ஸின் ஓரத்தில் தங்கக் கோடு பதிக்க அவர் மிஷினில் ஒரு பித்தளைப் பட்டை உண்டு.

பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் மிஷினை மறைத்துக்கொண்டு நின்றார்.

“கிறுக்கா மாமா ஒங்களுக்கு? இது ஆட்டுத்தோலுக்கு உள்ள மிஷினு.”

“நான் என்ன மாட்டுத்தோலயா கொண்டாந்திருக்கேன்? கைப்பிடிய அமத்தும் மாப்ள.”

“உருகிட்டுன்னா?”

“செத்தத இன்னும் என்னத்தக் கொல்லப் போறீரு?”

வாய்தான் அப்படிச் சொன்னது. உருகினால் உலகத்தில் எனக்கு வேறொன்று கிடையாது. மிச்ச ஆயுளுக்கும் அந்தப் பிஸ்கட்டோடுதான் குடித்தனம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு நாடாவைப் பட்டைக்கு அடியில் வைத்தேன். கரீம் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். பேட்டரியைப் போட்டேன். திரை வெள்ளையாக இருந்தது.

“கதம், முடிஞ்சுபோச்சு” என்றார் கரீம். “டீ சொல்லட்டா?”

நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நாடா மயிரிழை விலகியிருந்தது. பேட்டரியை மறுபடி கழற்றி, நாடாவை நகர்த்திப் பிடித்தேன். விரல் பித்தளைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“கைய எடுங்க மாமா, வெந்துரும்!”

“வேகட்டும். அமத்தும்!”

பேட்டரியைப் போட்டு எட்டையே வரிசையாக அழுத்தினேன். இந்தத் தடவை திரை முழுக்க எட்டு, எட்டு, எட்டு. ஒரு கீற்றுகூடப் பாக்கியில்லை. தாராவியே கைதட்டியது. அது பக்கத்துப் பட்டறைச் சுத்தியல் என்கிறார் கரீம். பொறாமை, வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கீழே வந்து நின்றது. மாரிசெல்வி பையோடு வந்தாள்.

“தோல் மிஷினாம், தங்க எழுத்தாம்! எவங்கிட்டயோ இதே மாதிரி பழசு ஒண்ண வாங்கி மாத்திட்டு வந்து கத விடுதீய.”

“கெடச்சிருந்தா நான் ஏன் வெரலச் சுட்டுக்கிடுதேன்?” கொப்புளத்தைக் காட்டினேன்.

“தோசக்கல்லு பட்டாலும் கொப்புளிக்கத்தான் செய்யும்.”

கால்குலேட்டரைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். என் பெயரைக் கீறி வைத்த முதுகு, அதே முதுகுதான். முன்பக்கம் திருப்பினாள். எண்களுக்குக் கீழே, கண்ணாடியின் ஓரத்தில், நாடாவின் மேல் மினுங்கலாக ஏதோ தெரிந்தது. நான்கூட அதைக் கவனித்திருக்கவில்லை. பித்தளைப் பட்டையில் ஒட்டியிருந்த மிச்சத் தங்கத்தாள், பர்ஸில் பதிவதுபோலவே நேர்த்தியான ஒரு கோடாகப் பதிந்திருந்தது.

நகத்தால் கண்ணாடியைச் சுரண்டினாள். கோடு உள்ளே இருந்தது, வரவில்லை. கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். முறுக்கையும் பிஸ்கட்டையும் பையில் போட்டு வாயை முடிந்தாள். சமக்குறி இல்லாததை என் சட்டைப் பையில் செருகினாள்.

“நடந்திருக்கு” என்றாள். “கரீமு மிஷின்லதான் நடந்திருக்கு.”