ஆறிய இன்ஜின்

கார் விற்கிற நாட்களில் காசியம்மாள் விடிந்ததுமே துணிக்கொடியைக் காலி செய்துவிடுவாள். புருஷன் கண்ணாயிரம் வண்டியைக் கிளப்பும்போது வரும் நீலப் புகையில் எண்ணெய்த் துளி இருக்கும். வெள்ளை வேட்டியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. துணியை எடுத்துவிடலாம், மூக்கை என்ன செய்வது? கருகின ஆயில் நாற்றம் தலைமுடியில் ஏறும், சோற்றில் ஏறும்.

அவலூர்பேட்டை சாலையில் வீட்டை ஒட்டிய காலி மனையில் அவள் புருஷன் பழைய கார்களை வாங்கி விற்றான். திருவண்ணாமலை மாவட்டத் தலைநகர் ஆன பிறகு ஆபீசுகள் வந்தன. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வந்தது. ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். சொந்தமாக ஒரு வாடகைக் கார் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சுற்றுவட்டாரத்தில் பலருக்கு ஆசை பிறந்தது. அந்த ஆசைதான் கண்ணாயிரத்தின் முதல்.

ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிற இன்ஜினில், புகை அடங்கிக் கிடக்கக் கெட்டி ஆயிலை ஊற்றுவான். ஆறிய இன்ஜின் லேசில் பிடிக்காமல், புகையைக் கக்கி உண்மையைச் சொல்லிவிடும் என்பதால், ஆள் வரும் முன்பே கிளப்பிச் சூடேற்றி வைப்பான். பானட்டுக்குக் குறுக்கே ரோஜா மாலை, நடுவில் சந்தனம், குங்குமம். மாலை போட்ட வண்டியைத் திறந்து காட்டச் சொல்ல யாருக்கும் வாய் வராது. வாங்குகிறவர் சாவியைத் திருப்பும்போது காசியம்மாள் வண்டியைச் சுற்றிச் சாம்பிராணி காட்ட வேண்டும். சைலன்சர் பக்கம் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். பிறகு ஓட்டிப் பார்க்கக் கிரிவலப் பாதை. பெரிய மேடு எதுவும் இல்லாததால் இழுவை செத்த இன்ஜினும் அங்கே சமர்த்தாக ஓடும். வந்தவர் மலையைச் சுற்றி முடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்குவார். காரையும் பார்த்தாயிற்று, சாமியையும் கும்பிட்டாயிற்று.

அந்த மார்கழி புதன்கிழமை வெள்ளை டீசல் கார் ஒன்று மாலையோடு நின்றது. இருந்தவற்றிலேயே அதுதான் மோசம். யார் வாங்கப்போகிறார்கள் என்று கண்ணாயிரம் சொல்லவில்லை. தட்டில் கற்பூரம் வைத்துக்கொண்டிருந்த காசியம்மாள் நிமிர்ந்தபோது, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் தங்கை திரௌபதியும் தங்கை புருஷன் பரசுராமனும் வந்துகொண்டிருந்தார்கள். திரௌபதி ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்திருந்தாள். கிணற்றடி நிலத்தை விற்கப்போவதாகப் போன மாதமே சொல்லியிருந்தாள். காசியம்மாள் தட்டைத் தரையில் வைத்தாள்.

புருஷனைச் சமையல்கட்டுக்கு இழுத்தாள்.

"யோவ், அவ என் கூடப்பொறந்தவ. அந்தக் காருதான் கெடச்சுதா உனுக்கு?"

"அவரா வந்து கேட்டாரு. நான் இல்லன்னு சொன்னா வேற புரோக்கர்கிட்ட போயி ஏமாறுவாரு."

"அதுக்கு?"

"வெளியில ஏமாந்தா பணம் வெளியில பூடும். நம்மகிட்டன்னா குடும்பத்துலயே இருக்கும்." அவன் சிரிக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தான். "சாம்பிராணி இன்னிக்கு ஜாஸ்தியா போடு."

வெளியே பரசுராமன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறர் வேனை ஓட்டிப் பழகியவன். செங்கம் சாலை விடுதி ஒன்று மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குத் தினம் ஆள் ஏற்ற வரச் சொல்லியிருந்தது. ஒரு நாள் வண்டி நடுவழியில் நின்றால் அடுத்த நாள் வேறு கார் வைத்துக்கொள்வார்கள்.

"சகலை, பானட்டத் தூக்கி ஒரு தபா காட்டேன். ஆயில் மூடியத் தொறந்து பாத்துடலாம்."

கண்ணாயிரத்தின் முகம் சுருங்கியது. "மாலை போட்டாச்சேப்பா. நம்பிக்கை இல்லன்னா ஒரு மெக்கானிக்கக் கையோட கூட்டினு வந்திருக்கலாமே."

பரசுராமன் கூசிப்போனான். சகலை வீட்டுக்கு மெக்கானிக்கோடு போவதென்றால், பெண் எடுத்த உறவையே சந்தேகப்படுவதாகும். "சும்மா வெளாட்டுக்குக் கேட்டா மூஞ்சியத் தூக்கறியே" என்று பின்வாங்கினான். "அக்கா வூட்டு வண்டிய என்னாத்த பாக்கறது?" என்று திரௌபதி அவனைக் கடிந்தாள்.

காசியம்மாள் சாம்பிராணி காட்டினாள். கை பழக்கத்தில் சுற்றியது. சைலன்சர் அருகே நின்றபோது சாம்பிராணி வாசனைக்கு அடியில் அந்தக் கருகல் நாற்றம் அடித்தது. எதிரே தங்கை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மலையைச் சுற்றிவிட்டு மூவரும் திரும்பியபோது மணி பன்னிரண்டு.

"பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காது. பணத்தக் குடும்மா, முடிச்சிடலாம்" என்று கண்ணாயிரம் கையை நீட்டினான்.

"ராவு காலம் ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் காசியம்மாள். "ஒன்றரைக்கு மேலதான் பணம் கை மாறணும். வந்து சாப்புடுங்க."

கண்ணாயிரம் அவளைப் பார்த்தான். மாலையையும் சந்தனத்தையும் வைத்தே தொழில் செய்கிறவன் ராகு காலத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இன்ஜின் ஆறிவிடுமே என்று சாப்பிட்டுக்கொண்டே இரண்டு முறை எழப் பார்த்தான்.

"வண்டிய ஓரமா வுட்டுட்டு வந்துடறேன்."

"ராவு காலத்துல சாவியத் தொடாதீங்க மாமா" என்று திரௌபதியே அவனை உட்கார வைத்தாள்.

காசியம்மாள் ரசத்தை மறுபடி ஊற்றினாள். மோர் கொண்டுவந்தாள். வெற்றிலை போட வைத்தாள். வெளியே மார்கழிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குப் பரசுராமனிடம் சொன்னாள்.

"பணம் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தபா கெளப்பிப் பாருங்க. பூசை முடிஞ்சிடுச்சு, நான் வரல."

அவன் சாவியைத் திருப்பினான். செல்ப் ஸ்டார்ட்டர் முனகியது. இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் வண்டி முழுக்க உதறிக்கொண்டு பிடித்தபோது, பின்னாலிருந்து நீலப் புகை பொங்கிச் சுவரையும் துளசிச் செடியையும் மூடியது. பரசுராமன் இறங்கி மாலையை ஒதுக்கிப் பானட்டைத் தூக்கினான். ஆயில் மூடியைக் கழற்றினான். உள்ளிருந்து புகை குப்குப்பென்று வந்தது. வேன் ஓட்டினவனுக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

காசியம்மாள் ஒரு சண்டையை எதிர்பார்த்தாள். வேண்டவே செய்தாள். பரசுராமன் மூடியைத் திருகி வைத்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, கண்ணாயிரத்தின் தோளில் கை போட்டான்.

"எமகாதகன் சகலை நீ. என்னையே கவுக்கப் பாத்தியே! இன்னா ஆயிலு ஊத்துன?"

கண்ணாயிரம் அசடு வழிந்தான்.

"சும்மா சொல்லு. நம்ம ஊருப் பக்கம் இப்டி எத்தன பேரு வண்டி தேடினு இருக்கான் தெரியுமா? நான் ஆளக் கூட்டினு வரேன். பாதிப் பாதி."

"பாதியா? அதெல்லாம் கட்டாது சகலை. மூணுல ஒண்ணு."

புகை இன்னும் அடங்கவில்லை. அதற்குள் நின்றுகொண்டே இருவரும் பேரம் பேசினார்கள். காசியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இவனைக் காப்பாற்றவா இரண்டு மணி நேரம் ரசம் ஊற்றினோம்?

திரௌபதி பையை இன்னும் விடவில்லை. அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"இது இப்டின்னு உனுக்கு முன்னாடியே தெரியும்."

"அதனாலதாண்டி உக்கார வெச்சேன்."

"உக்கார வெச்ச. அதுக்கு முன்னாடி சாம்பிராணியும் நீதான் காட்டுன. நான் கண்ண மூடி நின்னத பாத்துக்கினே காட்டுன." அவள் குரல் உயரவில்லை. "இதுக்கு முன்னாடி எத்தன பேருக்குக் காட்டுன?"

திரௌபதி புருஷனுக்காகக் காத்திராமல் நடந்து பஸ் ஏறினாள். நிலத்துப் பணம் அவளோடு பத்திரமாகப் போயிற்று.

சனிக்கிழமை அதே வெள்ளைக் காரைப் பார்க்கப் போளூரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். பரசுராமன் சலவைச் சட்டை போட்டு முன்னதாகவே வந்திருந்தான். காசியம்மாள் தட்டைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கண்ணாயிரம் தானே சாம்பிராணி போட்டுக்கொண்டான்.

"மூணு வருசமா இதுலதாங்க நான் மெட்ராஸ் போயினு வரேன்" என்று பரசுராமன் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு நாளு மக்கர் பண்ணதில்ல."

காசியம்மாள் வெளியே வந்தாள். "பொய்ங்க. அவரு இந்த வண்டியில மலையச் சுத்துனதோட சரி. இன்ஜின் செத்துப்போச்சு. வாங்காதீங்க."

போளூர்க்காரர் பரசுராமனைத் திரும்பிப் பார்த்தார். பரசுராமன் வாய்விட்டுச் சிரித்தான்.

"எங்க அண்ணிக்கு இந்த வண்டிய விக்கறதுல இஷ்டமே இல்லீங்க. ராசியான வண்டியாம். எப்டி எல்லாம் சொல்றாங்க பாருங்க!"

போளூர்க்காரரின் மனைவி காசியம்மாளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் புருஷனின் கையைத் தொட்டாள். அவர் அந்தக் கையை விலக்கினார்.

"அந்தம்மாவே வுட மாட்டேங்குறாங்கன்னா நல்ல வண்டியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து சாவியைக் கேட்டார்.