நாலு மணி மாத்திரை

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற வீரமலைக்கு வயது அறுபத்தொன்பது. யாருக்கும் பயப்படாத மனுஷர், லைசென்ஸ் காலாவதியாகப் போகிறது என்றதும் ஆடிப்போனார். மனைவி காளியாயிக்குப் பூக்கடை. தினமும் விடிவதற்கு முன் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் பூ வாங்கி வருவது அவர்தான். வண்டி நின்றால் கடையும் படுத்துவிடும்.

லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். தில்லை நகர் டாக்டர் ஷெர்லின் எட்டு வருடமாக இவருடைய சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கிறவர். போன தடவை நாற்காலியை விட்டு எழாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தெரிந்த மனுஷரை என்ன சோதிப்பது என்ற பெரிய மனசு!

ஆனால் இந்த முறை வீரமலையிடம் மறைக்க ஒரு விஷயம் இருந்தது. ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை பாலத்தின் மேல் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்து நின்று சமாளித்தார். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். இதை டாக்டரிடம் சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

ஷெர்லின் ஃபாரத்தை மளமளவென்று நிரப்பினார். "மயக்கம், தலைசுத்தல்... உங்களுக்கு ஏது அதெல்லாம்" என்று தானே 'இல்லை' போட்டார். வீரமலைக்குப் போன உயிர் வந்தது.

"பூக்கடை அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. தினம் என் பின்னாடிதான் உக்காந்து வரா."

சொன்ன பிறகுதான் அவருக்குச் சுரீரென்றது. அந்த இரண்டு நாளும் அவள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள், இவரை நம்பி. கையெழுத்தாவது, மண்ணாங்கட்டியாவது!

"டாக்டரம்மா, பேனாவைக் கொஞ்சம் வைங்க" என்றவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

ஷெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலை மாத்திரை எப்பப் போடுறீங்க?"

"எந்திரிச்சதும், நாலு மணிக்குங்க."

"சாப்பாடு?"

"பூ வாங்கி, கடையைத் தொறந்து... ஒம்பதரை ஆயிடும். சாப்பாட்டுக்கு முன்னாடின்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? ஒரு நாள் தவறினதில்லீங்க."

ஷெர்லின் முகம் சுருங்கிப் போயிற்று. "தப்பு என்மேலதாங்க. போன மாசம் டோஸை வேற கூட்டினேன். வெறும் வயித்துல அது சர்க்கரையை ஒரேயடியா இறக்கிடும். நாலு மணிக்கு வண்டி எடுக்குறீங்களான்னு எட்டு வருஷத்துல ஒரு வாட்டி கேட்டிருக்கேனா?"

"அப்ப இது வயசு இல்லீங்களா?"

"இல்லீங்க, மாத்திரை."

வீரமலைக்கு அழுகை வந்தது. இதற்குப் போய் ஒரு மாதமாகக் கிழவனாகி உட்கார்ந்திருந்தோமே என்ற ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

ஷெர்லின் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டார். "மாத்திரையை மாத்துறேன். மூணு வாரம் வண்டியைத் தொடாதீங்க. தினம் சர்க்கரை பாத்து எழுதிட்டு வாங்க."

மூன்று வாரமும் பூ பஸ்ஸில் வந்தது. காளியாயி வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். பஸ்ஸுக்காக அல்ல, மறைத்ததற்காக. "டயரைப் பாத்தாராம், டயரை!"

மூன்று வாரம் கழித்து ஷெர்லின் கண்ணிலிருந்து கால் விரல் வரை அரை மணி நேரம் சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வீரமலை செருப்பை மாட்டும்போது, முழங்கால் வலியென்று அடுத்து உள்ளே போன அப்துல் சுக்கூரிடம் டாக்டர் கேட்பது காதில் விழுந்தது: "மொதல்ல இதைச் சொல்லுங்க பாய். வண்டி ஓட்டுவீங்களா?"

புது லைசென்ஸ் வந்த மறுநாள் காலை, இரண்டு இட்லி உள்ளே போகும்வரை காளியாயி சாவியைக் கொடுக்கவில்லை. பாலத்தில் ஏறியதும் அவர் தோளை அழுத்தினாள்.

"என்னங்க, டயர் பாக்கணுமா?"

"வேணாம்டி" என்று சிரித்தார் வீரமலை. "டயர் நல்லாத்தான் இருக்கு."