முதல் அரைமணியில் சேர்ந்த குவியல்

கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் இருபத்தேழு பேர் என்று கணக்குப் போட்டு மூன்று மேசை கேட்டிருந்தார்கள். மலை ஏறும்போது வளைவுகளில் ஒருவருக்கு வாந்தி எடுத்து எடுத்து, காலையில் அறையை விட்டு வர முடியவில்லை. மேசைக்கு ஒன்பது பேர் வேண்டும். வெளியே நல்ல மழை. ரிசார்ட்டின் சாப்பாட்டு அறையில் பரிமாறும் செலினா, தேநீர்த் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு போக்கர் தெரியுமா?" என்று அவர்களில் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார்.

"தெரியும் சார்" என்றாள் செலினா.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது உண்மை. மழை நாட்களில் விருந்தினர்கள் சீட்டாடும்போது எட்டு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பேத்துப்பாறை வீட்டில் நாத்தனாரோடு காசில்லாமல் ஆடியும் பழகியிருந்தாள். மேனேஜர் ஞானவேல் தயங்கினார். விருந்தினர்கள் விடவில்லை. "சரி, போய் உக்காரும்மா" என்றார் அவர் கடைசியில்.

காசு கிடையாது. ஜெயிப்பவருக்கு ஒரு கோப்பை, அவ்வளவுதான். ஆளுக்கு நூறு பிளாஸ்டிக் வில்லை; சிப்ஸ் என்பார்கள். சிப்ஸ் தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். கையில் மூடிய சீட்டு இரண்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் சீட்டு ஐந்து. இரண்டையும் சேர்த்து யாருக்கு நல்ல சேர்க்கை அமைகிறதோ அவருக்கு, பந்தயமாக நடுவில் வைத்த சிப்ஸ் எல்லாம்.

ஆட்டம் தொடங்கி அரைமணி ஆகவில்லை. செலினாவின் கையில் இரண்டு ஏழு. மேசையில் முதலில் திறந்த மூன்று சீட்டு: ராஜா, ஏழு, இரண்டு. எதிரே இருந்தவர் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். அவருக்கு அடுத்தவரும் தள்ளினார். செலினா தன் சிப்ஸை இரண்டு கையாலும் அணைத்து முன்னால் நகர்த்தினாள்.

முதலில் தள்ளியவரிடம் ராஜா ஜோடி. ஜோடியைவிட ஒரே எண்ணில் மூன்று பெரிது; அடுத்தவரிடம் இரண்டாம் எண் சீட்டு மூன்று. செலினாவிடம் ஏழாம் எண் சீட்டு மூன்று. கடைசி இரண்டு சீட்டிலும் எதுவும் மாறவில்லை.

இரண்டு பேர் எழுந்து போனார்கள். செலினாவின் முன்னால் முந்நூறு சிப்ஸ் குவிந்து கிடந்தது. அந்த அறையில் வேறு யாரிடமும் அதில் பாதிகூட இல்லை.

முதலில் அதைக் காப்பாற்றத்தான் தோன்றியது. வந்த சீட்டையெல்லாம் ஆடாமல் மடித்துப் போட்டாள். ஆனால் சும்மா இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாகக் கொஞ்சம் வைத்தாக வேண்டும். குவியல் ஓரத்திலிருந்து கரைந்தது. அப்படியே நாத்தனாரிடம் எத்தனை முறை தோற்றிருக்கிறாள்! அடுத்த சுற்றில், சுமாரான சீட்டுக்கே இருபது சிப்ஸ் வைத்தாள். எல்லோரும் மடித்தார்கள். மறுபடி வைத்தாள். மறுபடியும் மடித்தார்கள். அவளிடம் தோற்றால் அவர்கள் ஆட்டத்தை விட்டே எழுந்து போக வேண்டும். அவள் தோற்றால் குவியல் கொஞ்சம் குறையும். அவள் கை நகர்ந்தாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்தார். வாழ்நாளில் தன்னைப் பார்த்து யாரும் அப்படி யோசித்ததாக அவளுக்கு நினைவில்லை. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு இடைவேளை. ஞானவேல் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"செலினா, கெஸ்ட்டுங்கம்மா. வந்தவங்களையே வெளிய அனுப்பிக்கிட்டிருந்தா நல்லாருக்குமா? அடுத்த வருசமும் அவுங்க இங்கயே வரணும். பாத்து ஆடு."

அவர் பயமும் அவளுக்குப் புரிந்தது. "சரிங்க சார்" என்றாள்.

அவளுக்கு இடப்பக்கம் மனோஜ்குமார் என்று ஒரு கம்பெனி ஊழியர். திண்டுக்கல்காரர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். திக்குவாய். அவர் ஒரு வார்த்தை தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் அதை முடித்து வைத்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அவரிடம் முப்பது சிப்ஸ்தான் மிச்சம்.

இடைவேளை முடிந்து ஒரு சுற்றில் எல்லோரும் மடித்துவிட, செலினாவும் மனோஜ்குமாரும் மட்டும் மீதி. செலினாவிடம் ஆஸும் ராணியும். நல்ல சீட்டு. ஞானவேலின் முகம் கண்முன் வந்தது. மடித்துத் தள்ளினாள். சீட்டுப் போடுபவர் வாரும்போது ஒன்று புரண்டு திறந்துகொண்டது. ஆஸ்.

மனோஜ்குமார் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எ... எனக்காக ம... மடிச்சீங்களாக்கா?"

செலினா குனிந்து தன் சிப்ஸை அடுக்கினாள்.

"ஆ... ஆபீஸ்லயும் இ... இப்பிடித்தான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பா... பாவம்னு விட்டுக் கு... குடுப்பாங்க. நீங்க நி... நிஜமா ஆடுங்க."

செலினாவுக்குச் சுருக்கென்றது. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"தப்புதாங்க. இனி விட மாட்டேன்" என்றாள்.

நாலு சுற்றுக் கழித்து மனோஜ்குமார் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் நடுவில் வைத்தார். செலினாவிடம் இரண்டு ஜாக்கி. வாசல் பக்கம் ஞானவேல் இருமினார். செலினா திரும்பிப் பார்க்கவில்லை. சிப்ஸை எண்ணி எதிரே வைத்தாள்.

மனோஜ்குமாரிடம் ஆஸும் ஒன்பதும். முதல் மூன்று சீட்டில் ஒரு ஒன்பது வந்தது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நாலாவது சீட்டு ஐந்து. கடைசிச் சீட்டு நாலு. ஜாக்கி ஜோடி ஜெயித்தது.

அவர் எழுந்து நின்று கை நீட்டினார். செலினா எழுந்து பற்றிக்கொண்டாள்.

"ந... நல்ல..." என்று தொடங்கினார்.

"நல்லா ஆடினீங்கன்னு சொல்றாரு" என்றார் எதிர்ப்பக்கத்து ஆள்.

"இருங்க சார், அவரே சொல்லட்டும்" என்றாள் செலினா.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மனோஜ்குமார் மூச்சு இழுத்துக்கொண்டார்.

"ந... நல்ல வேளை, உங்ககிட்ட தோ... தோத்தேன். அ... அந்த கிருபாகிட்ட தோத்திருந்தா வ... வருசம் பூரா சொ... சொல்லிக் காட்டியிருப்பான்."

மேசையே சிரித்தது. கிருபா என்பவர்தான் அதிகமாகச் சிரித்தார். மனோஜ்குமார் தேநீர் எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் நின்று, கடைசிவரை ஆட்டத்தைப் பார்த்தார்.

ஒரு மணிக்குள் மூன்று மேசையும் ஒன்றாகி, நாலு பேர்தான் மிச்சம். செலினாவின் குவியல் இன்னும் உயரமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் வந்த தைரியம் மதியத்தில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கையில் ஒன்றுமே இல்லாமல், மற்றவர்கள் மடித்துவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் நடுவில் தள்ளினாள். கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அம்மாள் ஒருவர் மட்டும் மடிக்கவில்லை. அவரிடம் ராணி ஜோடி இருந்தது. செலினாவுடையதைவிடப் பெரிய குவியலும் இருந்தது.

நாலாவது இடம். கை தட்டினார்கள். செலினா கும்பிட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். சமையல் பார்க்கும் பாப்பம்மாள் தனியாக அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

ஞானவேல் பின்னாலேயே வந்தார். "லஞ்ச் லேட்டாயிருச்சு. வெரசா ரசத்த எடு."

"இந்தா எடுத்துட்டேன் சார்."

அவர் போகவில்லை. வாசலில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்தக் கடைசி ஆட்டத்துல கையில என்னதான் வச்சிருந்த?"

"எட்டும் மூணும் சார்."

"எட்டும் மூணுமா? அதுக்கா அம்புட்டையும் தள்ளுன?"

"காலையிலருந்து எல்லாரும் பயந்தாங்கள்ல சார்" என்றாள் செலினா.

ஞானவேலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாப்பம்மாளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவளும் சேர்ந்து சிரித்தாள்.