காலி நாற்காலிக்குச் சொன்ன பதில்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். மனு அக்காவின் தொழில் முழுவதும் இந்த ஒரு பழமொழியில் அடங்கிவிடும். படிப்பில் தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பாள், அலுவலகம் அலுவலகமாகக் கூடவே போவாள், அவர்களுக்காகச் சண்டையும் போடுவாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். பிள்ளையை உளவியல் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிற பெற்றோர் எல்லாரிடமும் தொண்டை வறள ஒன்றையே சொல்லுவாள்.

"புள்ளைய மெருகேத்திக் கூட்டிட்டு வராதீங்க. எப்படி இருக்கோ அப்படியே வரட்டும். கஷ்டம் கண்ணுல பட்டாதான் கை குடுப்பாங்க."

எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மெருகேற்றுவார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, யாரைக் குற்றம் சொல்ல?

சிட்டுவுக்கு ஏழு வயது. வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. இரண்டு முறை பள்ளி வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். இரண்டாவது முறை நடுச்சாலையில் நின்றாள். லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே உட்கார ஒரு துணை ஆள் கிடைத்தால் வைத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் இந்தப் பருவத்தோடு சரி என்று தலைமை ஆசிரியை கையை விரித்துவிட்டார். துணை ஆளைத் தருவதும் தராததும், பிள்ளையைப் பரிசோதித்து எழுதித் தரும் உளவியலாளரின் கையில் இருந்தது.

அன்று காலை சிட்டுவைப் பார்த்ததுமே மனு அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இவர்களும் மெருகேற்றித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். புதுச் சட்டை, இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடை, எண்ணெய் மின்னும் முகம்.

பரிசோதனை அறையின் ஒரு சுவரில் பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் அவர்கள் முகம்தான் தெரியும். பின்னால் இருட்டாக ஒரு குறுகிய அறை, அங்கிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். தையல் வேலை பார்க்கும் தாய், லிஃப்ட் மெக்கானிக்கான தகப்பன், மனு அக்கா மூவரும் அந்த இருட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் மட்டும் சுவரிலிருந்த ஒலிபெருக்கி வழியாக வந்தது.

"பாப்பா, உன்ன எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று உளவியலாளர் கேட்டார்.

"எல்லாரும் என்னைச் சிட்டுன்னு கூப்பிடுவாங்க."

"உனக்கு என்ன வயசு?"

"எனக்கு ஏழு வயசு ஆகுது."

"ஸ்கூல்ல யாரு உன் ஃப்ரெண்ட்?"

"எல்லாருமே என் ஃப்ரெண்டுதான்."

உளவியலாளரின் முகம் மலர்ந்தது. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அவர் முடிவுகட்டிக்கொண்டிருப்பது இருட்டிலிருந்தே தெரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று மனு அக்கா நெற்றியில் கைவைத்தாள். அப்போதுதான் அந்தக் குரல் அவளுக்கு உறைத்தது. அது ஏழு வயதுக் குரலே இல்லை. களைத்துப்போன, லேசாகக் கரகரத்த, ஒரு பெண்ணின் குரல்.

பக்கத்தில் திரும்பினாள். தாயின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. உதடு இங்கே அசைய, அவளுடைய குரல் சுவரிலிருந்து வந்தது. இம்மி பிசகவில்லை. கண்ணாடியின் அந்தப் பக்கம் சிட்டு இவர்களைப் பார்க்க வழியே இல்லை.

"என்னம்மா இது?"

"போன வருஷம் வந்துட்டுப் போன ஒருத்தங்க கேள்வியெல்லாம் சொன்னாங்கக்கா. வரிசை மாறவே மாறாதாம். ஒரு மாசமா உக்கார வச்சு சொல்லிக் குடுத்தேன். நான் சொன்னத அப்படியே திருப்பிச் சொல்றா." தாயின் முகத்தில் பெருமை பொங்கியது. "என் புள்ளைய யாரும் மக்குன்னு சொல்லிடக் கூடாதுல்ல?"

"அடிப்பாவி! அவ நல்லா இருக்கான்னு எழுதிட்டா துணை ஆள் எங்கேருந்து வரும்? நாளைக்கு அவ நடுரோட்டுல நின்னா நீயா ஓடிப்போய்ப் பிடிப்ப?"

பெருமை அப்படியே வடிந்துவிட்டது. மனு அக்கா எழுந்துபோய்ப் பரிசோதனை அறைக் கதவைத் தட்டி, உளவியலாளரை வெளியே அழைத்தாள்.

"ஏம்மா, நல்லாத்தானே பேசறா?"

"அதான் சார் பயமா இருக்கு. கொஞ்ச நேரம் அவள தனியா விட்டுட்டு எங்களோட வந்து உக்காருங்க. எதுவும் கேக்க வேணாம்."

அவர் அரைமனதோடு வந்தார். உள்ளே சிட்டுவுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அவர் எழுந்துபோனதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"எனக்குப் படம் வரையப் பிடிக்கும்" என்றாள்.

ஒரு கேள்வி கேட்கும் நேரம் அமைதியாக இருந்தாள்.

"காலைல பல்லு தேய்ச்சிட்டு, குளிச்சிட்டு, ஸ்கூலுக்குப் போவேன்."

மறுபடியும் அமைதி. யாரோ ஏதோ கேட்கிறார்கள் என்பதுபோல் நாற்காலியின் வெற்றிடத்தையே பார்த்தாள். பிறகு அதற்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

பதில்கள் தீர்ந்தன. ஆனால் சிட்டு நிறுத்தவில்லை.

"சரியா சொல்லுடி. தப்பா சொன்னா உன்ன யாருமே சேத்துக்க மாட்டாங்க."

தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் வந்துகொண்டேதான் இருந்தது. அடுத்து ஓர் இருமல். அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து ஓர் ஆணின் கனத்த குரல் வந்தது.

"விடு. சொல்லிக் குடுத்து என்ன ஆகப்போகுது? வந்து படு."

தகப்பன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டான்.

அதன்பிறகு அழுகை, மறுபடியும் தாயின் குரலில். விக்கலும் மூக்குறிஞ்சலுமாக, வாய்க்குள் அடக்கிய அழுகை. சிட்டுவின் கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை, முகத்தில் ஒரு சுருக்கமில்லை. அழுகை மட்டும் வந்தது. அது முடிந்ததும், "நான் செத்துட்டா இவள யாரு பாத்துப்பாங்க?" என்று காலி நாற்காலியைக் கேட்டாள்.

"துணை ஆளுக்கு எழுதிடறேன். நாள் முழுக்க" என்றார் உளவியலாளர். மாதக்கணக்கில் அலைந்து கேட்டது அதுதான். மனு அக்காவுக்கோ சந்தோஷப்படத் தெம்பில்லை.

தாய் அதைக் கேட்கவேயில்லை. அடுத்த அறைக்கு ஓடிப்போய் மகளின் முன் மண்டியிட்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பயந்து மூடினாள். சிட்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி எதைச் சொன்னாலும் அது அந்தப் பிள்ளைக்குள் போய் அப்படியே இருந்துவிடும்.

நெடுநேரம் கழித்துத் தாய் இரண்டே இரண்டு வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவளாய், மெல்ல, தெளிவாகச் சொன்னாள்.

"அம்மா இருக்கேன்."

சிட்டு ஒரு கேள்வி கேட்கும் நேரம் காத்திருந்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்து, தாயின் குரலிலேயே சொன்னாள்.

"அம்மா இருக்கேன்."

தாய்க்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஆனாலும் விடாமல் அவளைக் கட்டிக்கொண்டாள்.